கந்தெலெ என்றொரு சொல்

மூன்றாண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை தொடங்கவிருந்த ஒரு வாரத்தில், என் பழைய மாணவி ஒருவரிடமிருந்து மடல் ஒன்று வந்தது. பால்மரக் காட்டை ஒட்டிய தோட்டப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்த நாளில், ஆறாம் ஆண்டு வகுப்பின் முன்வரிசையில் அமர்ந்து, நான் சொல்வதையெல்லாம் சொல் பிசகாமல் எழுதிக்கொண்ட சிறுமி அவர். இன்று அவரும் தமிழாசிரியை. பணியில் இருந்தவாறே முதுகலை பயின்று வருவதாகவும், சொற்பிறப்பைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தார்.

“ஐயா, பின்லாந்து நாட்டு யாழின் பெயர் நம் தமிழ்ச் சொற்களால் ஆனது என்று தாங்கள் வகுப்பில் கூறியதை நான் மறக்கவில்லை. என் மாணாக்கர்க்கும் ஆண்டுதோறும் கூறி வருகிறேன். இப்போது என் கட்டுரையில் அதனைச் சேர்க்க விழைகிறேன். தாங்கள் எந்த நூலில் கண்டீர்கள் என்று தெரிவித்தால் மேற்கோள் காட்ட ஏதுவாக இருக்கும்.”

எந்த நூலிலும் நான் அதனைக் கண்டதில்லை. அது நானே கட்டிய கதை. மடலைப் படித்து முடித்ததும், அலுவலக அறையில் எனக்கு எதிரே யாரும் இல்லையே என்று முதலில் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கதை பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்தேன். 1856-இல் வெளிவந்த அந்நூலில் அவர் திராவிட மொழிகளைச் சிதிய மொழிகள் என்று அக்காலத்தார் அழைத்த பெருங்குழுவோடு உறவுபடுத்துகிறார். அக்குழுவில் பின்னிய மொழியும் ஒன்று. பனி மூடிய வடகோடியில் வாழும் மக்களின் மொழி நம் மொழிக்கு உறவு என்பதைக் காட்டிலும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு இனிப்பான செய்தி வேறு என்ன இருக்கக்கூடும்! அவ்வுறவை இன்றைய மொழியியலார் பெரும்பாலோர் ஏற்பதில்லை என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உறவு இருப்பதாக எண்ணிக்கொண்டு பார்த்தால் ஒப்புமைகளுக்குப் பஞ்சமில்லை. நம் மொழியைப் போலவே பின்னியமும் சொல்லின் இறுதியில் உருபுகளை ஒட்டிக்கொண்டே செல்லும். தலோ என்றால் வீடு. தலோஸ்ஸ என்றால் வீட்டில். தலோஸ்ஸனி என்றால் என் வீட்டில். குறில் நெடில் வேறுபாடும் ஒற்றிரட்டலும் பொருளையே மாற்றிவிடும். துலி என்பது தீ. தூலி என்பது காற்று. துல்லி என்பது சுங்கம். குறில் நெடிலைப் பிழையாக எழுதும் பிள்ளைகளுக்கு இம்மூன்று சொற்களையும் நான் இன்றும் எடுத்துக்காட்டாகத் தருகிறேன். இது மட்டும் பழுதில்லாத பாடம். ஆயினும் இயல்பில் ஒத்திருப்பது வேறு, பிறப்பில் ஒன்றாயிருப்பது வேறு. முகம் ஒத்திருக்கும் இருவரை உடன்பிறந்தார் என்று கூறிவிட முடியாதன்றோ!

பின்னர்க் கலேவலா என் கைக்கு வந்தது. எலியாஸ் லொன்ரோத் என்னும் மருத்துவர் நாட்டுப்புறங்களில் நடந்து திரிந்து, பாடகர்களிடம் கேட்டுத் தொகுத்த பாடல்களைக் கோத்து அமைத்த பின்லாந்தின் தேசியக் காவியம் அது. 1835-இல் முதலில் வெளிவந்து, 1849-இல் ஐம்பது பாடல்களும் 22,795 அடிகளும் கொண்டதாக விரிந்தது. பின்லாந்தில் வாழ்ந்த இலங்கை எழுத்தாளர் உதயணன் என்னும் இரா. சிவலிங்கம் அதனை முழுமையாகத் தமிழில் பெயர்த்து 1994-இல் வெளியிட்டார். அத்தகைய பேருழைப்புக்கு நம்மவரிடையே உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் குறை.

அக்காவியத்தில் வயினாமொயினன் என்னும் முதுபெரும் பாடகன் ஒரு பெருமீனின் தாடையெலும்பைக் கொண்டு இசைக்கருவி ஒன்று செய்கிறான். மீனின் பற்கள் அதற்கு முளைகள் ஆகின்றன. அவன் அதனை மீட்டும்போது விலங்கும் பறவையும் மீனும் வந்து நின்று கேட்கின்றன, கேட்போர் அழுகின்றனர், மீட்டியவனும் அழுகிறான், அவன் கண்ணீர் கடலில் வீழ்ந்து முத்தாகிறது. பின்பு அக்கருவி கடலில் மூழ்கிவிடுகிறது. அழுதுகொண்டு நின்ற பூர்ச்ச மரம் ஒன்றைக் கண்டு, அதன் கட்டையில் இரண்டாவது கருவியைச் செய்கிறான். ஒரு கன்னியின் கூந்தல் அதற்கு நரம்பாகிறது. கதை முடிவில் அவன் நாட்டை விட்டுச் செல்கையில் கருவியை மட்டும் மக்களுக்காக விட்டுச் செல்கிறான். அக்கருவியின் பெயர்தான் கந்தெலெ.

கதைக்கு வெளியேயும் அக்கருவி உண்டு. ஒரே மரத்தைக் குடைந்து செய்த சிறு பெட்டி. அதன் மேல் விசிறி போல் விரிந்து செல்லும் ஐந்து நரம்புகள். மடியிலோ மேசையிலோ வைத்து விரல்களால் மீட்டுவர். முற்காலத்தில் குதிரை மயிரை முறுக்கிக் கட்டினர். பின்னர் உலோகக் கம்பிகள் வந்தன. இன்றைய அரங்குகளில் நாற்பதை நெருங்கும் நரம்புகளோடு பெரிய கந்தெலெகளும் ஒலிக்கின்றன. வீணையைப் போல் மெட்டுகள் இல்லை; ஒரு நரம்புக்கு ஒரு சுரம். இவ்வகையில் நம் யாழை நினைவூட்டும் எனினும், யாழின் வளைந்த கோடு இதற்கில்லை.

மரத்தால் ஆன கருவி. அதில் எழுவது ஒலியலை. ‘கந்து’ என்பது பழந்தமிழில் நட்ட மரம், தூண். கந்து, அலை இரண்டும் சேர்ந்தால் ‘கந்தலை’. அதுவே பின்னியர் நாவில் கந்தெலெ என மருவிற்று! இப்படியொரு விளக்கம் ஓரிரவில் எனக்குத் தோன்றியது. மறுநாள் காலைச் சபைகூடலில், ‘இன்றைய சொல்’ எழுதும் கரும்பலகையில் அதனை எழுதி, அரைமணி நேரம் முழங்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைய தலைமையாசிரியரும் கைதட்டினார். முன்வரிசைச் சிறுமி ஏட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த ஏட்டிலிருந்துதான் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மடல் வந்தது.

விடுமுறை முழுவதும் நூலகத்தில் கழிந்தது. பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவர் உள்ளே செல்ல வழி செய்தார். கடைசியில் என் கதைக்கும் ஒரு சான்று கிடைத்துவிடாதா என்னும் நைப்பாசை முதல் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் அது போய், வேறொரு வியப்பு வந்து அமர்ந்துகொண்டது.

கந்தெலெ தமிழ்ச்சொல் அன்று என்பதில் எனக்கு வியப்பில்லை. அது பின்னியச் சொல்லும் அன்று என்று பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர் என்பதே வியப்பு. பின்னியரின் தேசிய அடையாளமாக விளங்கும் கருவியின் பெயர் கடன் வாங்கியதாம்!

பெயர்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். பின்னியத்தில் கந்தெலெ. தமிழெழுத்தில் இவ்வாறு எழுதினால் நம் நா மெல்லினத்தின் பின்வரும் தகரத்தை மெலித்தே ஒலிக்கும்; பின்னியர் அதனை வல்லோசையாகவே ஒலிப்பர். அவர்களுடைய கிழக்கு அண்டை உறவினரான கரேலியர் நம்மைப் போல மெலித்து, இறுதியில் ஹகரம் சேர்த்துக் கந்தெலெஹ் என்பர். எஸ்தோனியர் கன்னெல் என்பர். இவையெல்லாம் ஒரு குடும்பத்து மொழிகள். பால்டிக் கடலின் தென்கரையில் வாழும் லிதுவேனியரும் லாட்வியரும் வேறு குடும்பத்தினர், இந்தோ-ஐரோப்பியர். அவர்களிடமும் இதே போன்ற கருவி உண்டு. லிதுவேனியர் அதனைக் கன்க்லேஸ் என்கின்றனர். லாட்வியர் கொக்லெ என்கின்றனர். இரண்டு குடும்பங்கள், ஒரே வகைக் கருவி, ஒன்றோடொன்று தொடர்புடையனவாகத் தோன்றும் பெயர்கள். கொடுத்தவர் யார், கொண்டவர் யார்?

1963-இல் பின்னிய மொழியறிஞர் ஏய்னோ நியெமினென் இப்பெயர்களைப் பற்றி விரிவான ஆய்வொன்று வெளியிட்டார். பழைய பால்டிக் மொழியில் ‘கன்த்ல்’ என்னும் ஒலிகளைக் கொண்ட ஒரு சொல் இருந்தது; அதுவே பின்னிய இனத்தார்க்குச் சென்றது என்பது அவர் முடிபு. இங்கேதான் பாடத்தின் உயிர் இருக்கிறது. லிதுவேனியத்திலும் லாட்வியத்திலும் தகரமும் லகரமும் அடுத்தடுத்து நின்ற இடங்களில் தகரம் ககரமாக மாறிவிட்டது. இஃது ஒரு சொல்லில் நேர்ந்த விபத்தன்று, ஒழுங்கான விதி. லிதுவேனியத்தில் அர்தி என்றால் உழுதல், உழும் கருவி அர்க்லஸ். இர்தி என்றால் துடுப்பு வலித்தல், துடுப்பு இர்க்லஸ். இவற்றின் இறுதியில் நிற்கும் ‘க்ல’ என்பது முன்னொரு காலத்தில் ‘த்ல’ என்றிருந்த கருவிப்பெயர் விகுதி. அவ்விதியைப் பின்னோக்கி நடத்தினால் கன்க்லேஸ் என்பதில் உள்ள ககரமும் தகரமாக மீள்கிறது. ‘கன்’ என்பது பாடுதலைக் குறிக்கும் பழைய வேர். இலத்தீனில் பாடுதலைக் குறிக்கும் கனெரெ என்னும் சொல்லும் அவ்வேரில் பிறந்ததே. பாடுதல் என்னும் வினையோடு கருவி விகுதி சேர்ந்தால் பாடும் கருவி.

அந்தத் தகரம் இப்போது எங்கே இருக்கிறது? ஈன்ற தாய் வீட்டில் இல்லை. லிதுவேனியர் அதனைக் ககரமாக்கினர். லாட்வியர் ககரமாக்கியதோடு னகரத்தையும் தொலைத்தனர். லிதுவேனியத்தில் கையைக் குறிக்கும் ரன்கா, லாட்வியத்தில் ரொகா ஆவதும் இதே போன்றதுதான். கடன் வாங்கிய பின்னியர் வீட்டிலோ தகரமும் இருக்கிறது, நகரமும் இருக்கிறது. கொடுத்தவர் தொலைத்ததைக் கொண்டவர் காத்து வைத்திருக்கின்றனர். அது மட்டுமன்று; பால்டிக் மொழிகளில் த்ல என்பது க்ல என்று மாறுவதற்கு முன்பே அச்சொல் கரையைக் கடந்திருக்க வேண்டும் என்றும் அந்த ஓரெழுத்து சாட்சி சொல்கிறது.

பின்னிய மொழிக்கு இது வழக்கமான பண்பு என்பதையும் கண்டேன். அரசனைக் குறிக்கும் குனின்கஸ் என்னும் சொல்லை அவர்கள் பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து பெற்றனர். அச்சொல்லின் இறுதியில் இருந்த ‘அஸ்’ என்னும் பழைய ஈற்றை, அதனைக் கொடுத்த இனத்தைச் சேர்ந்த இன்றைய மொழிகளுள் எதுவும் முழுமையாகக் காக்கவில்லை; பின்னியம் காத்தது. கோழியைக் குறிக்கும் கன என்னும் சொல்லும் ஜெர்மானியக் கடனே. அங்கே அது சேவலின் பெயர். ‘பாடுபவன்’ என்பது அதன் வேர்ப்பொருள். நியெமினென் கூற்று சரியாயின், கோழியும் கந்தெலெயும் ஒரே வேரில் பிறந்து, இரு வேறு வாயில்கள் வழியாகப் பின்னியர் வீட்டுக்குள் வந்தவை ஆகின்றன. கொக்கரிக்கும் பெட்டைக்குப் பாடகன் பெயர் வாய்த்தது பெரிய வேடிக்கைதான்.

நியெமினென் கூற்றே இறுதித் தீர்ப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கலத்தைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து இப்பெயர்களை வருவிப்பவரும், உருசியரின் குஸ்லி என்னும் கருவியோடு இணைத்துப் பார்ப்பவரும் உளர். ஆயினும் அவர்கள் ஒவ்வொருவரும் ஒலிமாற்றத்துக்கு விதி காட்டுகின்றனர்; அவ்விதி வேறு சொற்களிலும் செல்கிறதா என்று பார்க்கின்றனர். நான் அன்று காட்டிய விதி எது? கந்தலையில் உள்ள ஐகாரம் எகரமானது எப்படி? அலை என்னும் சொல் வேறு எந்தப் பின்னியச் சொல்லில் வருகிறது? இக்கேள்விகளுள் ஒன்றையேனும் அன்று நானே எழுப்பியிருந்தால், பலகையில் அதனை எழுதியிருக்க மாட்டேன்.

நம் மொழிக்கும் இத்தகைய பயணங்கள் உண்டு என்பதை அந்த நூலகத்தில் இருந்தபோதே எண்ணிக்கொண்டேன். அன்றாடம் அம்மியில் தட்டும் இஞ்சியையே எடுத்துக்கொள்வோம். தென்திராவிட மொழிகள் சொல் முதற் சகரத்தைப் பல சொற்களில் இழந்துவிட்டன. இஞ்சியின் பழைய வடிவம் சகரத்தில் தொடங்கியது என்று அறிஞர் கருதுவதற்குப் பாலி மொழியில் உள்ள சிங்கிவேர என்னும் சொல் பெருந்துணையாகிறது. அதில் இஞ்சியும் இருக்கிறது, வேரும் இருக்கிறது. நாம் இழந்த சகரமும் இருக்கிறது. கிரேக்கர் வாய்வழி அது சிங்கிபெரிஸ் ஆகி, ஆங்கிலேயர் வாயில் ஜிஞ்சர் ஆயிற்று. வடமொழியாளர் அதே சொல்லைச் சிருங்கவேரம் என்றாக்கி, சிருங்கம் என்றால் கொம்பு, ஆகவே கொம்பு போன்ற வடிவுடையது என்று பொருள் விரித்தனர். தம் மொழியின் சொல்லைக் கொண்டு பிறமொழிச் சொல்லுக்குப் பொருள் கண்டனர். அதனைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நாணமும் வந்தது. கந்தலையைக் கட்டிய கொத்தனும் அதே மரபினன் அல்லனோ!

இஞ்சிக்கு ஒலிவிதி இருக்கிறது, ஏட்டுச் சான்று இருக்கிறது, வணிக வழி இருக்கிறது. இவ்வளவு வலிய சான்றுகள் நம் வீட்டுச் சமையலறையிலேயே கிடக்க, வடதுருவத்தை ஒட்டிய நாட்டுக்குச் சென்று பொய்ச்சான்று தேடியிருக்கிறேன்.

மாணவிக்கு மறுமொழி எழுதுவது எளிதாக இல்லை. முதலில் எழுதிய தாளில், ‘அக்காலத்தில் அவ்வாறு ஒரு கருத்து நிலவியது’ என்று எழுதினேன். அதுவும் பொய். ஒருவன் தலைக்குள் ஓரிரவு நிலவியதைக் காலத்தின் மேல் ஏற்றுவது எப்படி முறையாகும்? கிழித்துப் போட்டேன். இரண்டாம் தாளில் நடந்ததை நடந்தவாறே எழுதி, நூலகத்தில் கண்டவற்றையும் குறித்து, “நான் சொன்னதற்குச் சான்று இல்லை, அம்மா. அது தவறு. தவறு உங்களுடையது அன்று, என்னுடையது” என்று முடித்தேன்.

பத்து நாள் கழித்து வந்த விடை மிகச் சிறியது. கட்டுரையிலிருந்து அப்பகுதியை நீக்கிவிட்டாராம். “இதுவரை என்னிடம் பயின்று சென்ற ஒன்பது வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எப்படித் தெரிவிப்பேன், ஐயா?” என்று ஒரு கேள்வி மட்டும் இருந்தது. அதில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அக்கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. ஒன்பது வகுப்புகள் அவருடையவை. நானே நேரில் சொன்ன வகுப்புகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

என் கைக்கு எட்டியதைச் செய்தேன். விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமைச் சபைகூடலில் ‘இன்றைய சொல்’ பலகையை நானே வாங்கி எழுதினேன். “கந்தெலெ: பின்லாந்து நாட்டு நரம்பிசைக் கருவி. பழைய பால்டிக் மொழியிலிருந்து வந்த சொல் என்பது பெரும்பாலோர் கருத்து. தமிழ்ச்சொல் அன்று.” பல ஆண்டுகளுக்கு முன் நான் இதனைக் கந்து, அலை என்று தவறாகப் பிரித்துச் சொன்னதையும் பிள்ளைகளிடம் கூறினேன். இளம் ஆசிரியர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிள்ளைகளுக்கு அதில் பெரிய செய்தி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கலைந்து வகுப்புக்குச் செல்லும் வரிசையிலிருந்து ஐந்தாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் மட்டும் விலகி வந்து, “ஐயா, கந்து என்றால் என்ன?” என்று கேட்டான்.

யானையைக் கட்டும் தறி என்றேன். ஊர்ப் பொதுவிடத்தில் தெய்வம் உறைவதாகக் கருதி வழிபட்ட தூணுக்கும் அப்பெயர் உண்டு, பட்டினப்பாலையில் வருகிறது என்றேன். இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் அச்சொல்லை அதன் பொருளுக்காக ஒரு நாளும் பலகையில் எழுதியதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுண்ணக்கட்டி கையில் இருந்தது. பலகையின் கீழ்ப்பகுதியில் இடமும் இருந்தது.